அருவி மேல் விழும் பழி

ராஜபாளையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிறது அய்யனார் கோவில். மலையில் மழை பிடித்து ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டால் பிள்ளைகளை வீட்டில் உட்கார வைக்க முடியாது. அருவியில் ஆட்டம் போட்டுத் திரும்பிய பிள்ளை ராத்திரி காதைப் பிடித்துக்கொண்டு அழுதால், "தண்ணி காதுக்குள்ள போயிருச்சு" என்பார்கள். பெரும்பாலும் அது வீண்பழி.

செவிப்பறை கிழியாமல் இருக்கும்வரை, வெளித் தண்ணீர் நடுக்காதுக்குள் போக வழியே இல்லை. அங்கே போகும் பாதை மூக்கின் பின்புறத்திலிருந்து கிளம்புகிறது, மெல்லிய ஒரு குழாயாக. பெரியவர்களுக்கு அது சரிவாக அமைந்திருக்கும். குழந்தைக்கோ குட்டையாக, ஏறக்குறையப் படுத்தாற்போல இருக்கும். சளி பிடித்த சில நாளில் குழாய் வீங்கி அடைத்துக்கொள்ள, உள்ளே நீர் கோத்துக் கிருமி பெருகும். 6 மாதத்திலிருந்து 2 வயதுவரை இந்தத் தொல்லை அதிகம். மல்லாக்கப் படுக்கவைத்துப் புட்டிப்பால் கொடுப்பதும், வீட்டுக்குள் பீடி, சிகரெட் புகைப்பதும் அதை இன்னும் கூட்டும்.

அருவியால் வரும் வலி வேறு. காதுத் துவாரத்தின் தோல் ஈரத்தில் ஊறிப் புண்ணாகிவிடும். காது மடலை லேசாக இழுத்தாலே பிள்ளை துடித்தால், கோளாறு அநேகமாக இந்த வெளிக்காதில்தான். சளி, காய்ச்சலைத் தொடர்ந்து வந்து, தொட்டால் வலி கூடாவிட்டால் நடுக்காதைச் சந்தேகிக்கலாம். எதுவானாலும் கடையில் கேட்டுச் சொட்டு மருந்து வாங்கி விடாதீர்கள். செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சில மருந்துகள் உள்காதையே கெடுத்துவிடும். சீழ் வடியும் காதோடு இருக்கும் பிள்ளைக்கு மட்டும் அருவி கண்டிப்பாக வேண்டாம்.

கைக்குழந்தையை எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டிகளின் கைப்பக்குவத்தை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குளித்து முடித்ததும் காதிலும் மூக்கிலும் வாய் வைத்து ஊதுகிறார்களே, அதை நிறுத்தியே ஆக வேண்டும். ஊதுகிறவர் வாயில் உள்ள கிருமி குழந்தைக்குப் போகும். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்கு இறங்கினால் நிமோனியாவில் கொண்டுபோய் விடும். காதுக் குரும்பியும் தானாகவே வெளியே வரக்கூடியது. ஊக்கு, கோழி இறகு, பட்ஸ் எதுவும் தேவையில்லை.

வலியே இல்லாத கோளாறும் ஒன்று உண்டு. செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டி நின்றுவிடும். பிள்ளை டிவி சத்தத்தைக் கூட்டும், கூப்பிட்டால் திரும்பாது, பள்ளியில் "கவனமில்லை" என்று திட்டு வாங்கும். அதே பிள்ளை வாயைத் திறந்துகொண்டு குறட்டை விட்டுத் தூங்கினால், நம் பக்கம் 'மூக்கில் சதை' என்று சொல்லும் அடினாய்டு வீங்கியிருக்கலாம். கட்டிய நீர் பெரும்பாலும் 3 மாதத்துக்குள் வற்றிவிடும். வற்றாவிட்டால் கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும்.

ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்தோடு சளி ஒழுகினால், அதற்குள் பயறோ ரப்பர் துண்டோ உட்கார்ந்திருக்கும். நோண்டினால் இன்னும் உள்ளே போகும். பொத்தான் மாதிரி இருக்கும் பேட்டரி என்றால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சில மணி நேரத்திலேயே மூக்குத்தண்டை அரித்துவிடும். மூக்கில் ரத்தம் வந்தால் அண்ணாந்து பார்க்க வைக்காமல், முன்னால் குனிய வைத்து, மூக்கின் மெத்தென்ற பகுதியை 10 நிமிடம் விடாமல் பிடித்திருங்கள்.

அய்யனார் முன்னால் மாமன் மடியில் வைத்துக் காது குத்தும்போது, மடலின் மெத்தென்ற நுனியில்தான் குத்த வேண்டும். மேலே குருத்தெலும்பில் குத்தினால் சீழ் பிடித்துக் காது சுருங்கிவிடக்கூடும். அன்றைக்கு இன்னொன்றையும் கவனியுங்கள். அத்தனை மேளச் சத்தத்துக்கும் குழந்தை திடுக்கிடவோ திரும்பவோ இல்லையா? "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று யாராவது சொல்வார்கள். அதைக் காதில் வாங்காமல் நேராகக் காது டாக்டரிடம் போங்கள். பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு, 6 வயதுக்குள் என்றால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். எவ்வளவு சீக்கிரம் பொருத்துகிறோமோ அவ்வளவு நன்றாகப் பேச்சு வரும்.