உங்களுக்குத் தெரியுமா? வெள்ளெழுத்து நாற்பதில் தொடங்குவதில்லை

ஊசியில் நூல் கோக்கக் கையை எட்ட நீட்ட வைக்கும் வெள்ளெழுத்துக்குப் பள்ளிப் பருவத்திலேயே அடி போடப்பட்டுவிடுகிறது. கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கும்போது கண்ணின் உள்தசை சுருங்க, வில்லை தன் நெகிழ்வால் உப்பிக்கொள்கிறது. பத்து வயதில் சுமார் 7 செ.மீ. தூரத்து எழுத்துகூடத் தெளிவாகத் தெரியும். நாற்பதில் அது 20 செ.மீ.யைத் தாண்டும், அறுபதில் ஏறக்குறைய ஒரு மீட்டர். வில்லை ஆண்டுக்காண்டு இறுகிக்கொண்டே போவதுதான் காரணம். ஆகவே கண்ணாடி போட்டுப் பழகியதால்தான் பவர் ஏறுகிறது என்ற பேச்சில் பாதிதான் உண்மை. ஏறுவது மெய், ஆனால் பிடிவாதமாகப் போடாமல் இருப்பவருக்கும் அது ஏறத்தான் செய்கிறது.

பயிற்சியால் சரிசெய்யலாமே என்றால், தசையின் வலு அவ்வளவாகக் குறைவதில்லை, வளைந்துகொடுக்காதது வில்லை. கிட்டப்பார்வைக்காரர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பேப்பர் படிக்கிறாரே என்பது நல்ல கேள்வி. அவருடைய வில்லையும் இறுகியதுதான். அவர் கண் இயல்பாகவே கிட்டத்தில் குவிந்திருக்கிறது, அவ்வளவே. கண்ணாடியைத் தள்ளிப்போடுவதால் மிச்சமாவது ஒன்றுமில்லை, இழப்புதான் உண்டு. அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைக் கடந்த 751 தொழிலாளரிடம் நடத்தி 2018-இல் வெளியான ஆய்வில், படிப்புக் கண்ணாடி பெற்றவர்கள் அன்றாடம் பறித்த கொழுந்தின் எடை, பெறாதவர்களோடு ஒப்பிட்டால் சுமார் 22 விழுக்காடு கூடுதலாக உயர்ந்தது. நடைபாதையில் வாங்கும் ஆயத்தக் கண்ணாடி சிலருக்குத் தலைவலி தருவது வேறு விஷயம்: இரு கண்ணுக்கும் ஒரே பவர் எல்லாருக்கும் பொருந்தாது.