ஓதம் கொண்டுபோன கூடு

குளிர்நாடுகளில் பாறை விளிம்பில் குச்சி குச்சியாகப் பனிக்கட்டி தொங்கும். ஒரு குச்சியை ஒடித்து, முனையை நீரில் நனைத்து, கல்மேல் அழுத்திப் பிடித்தால் உறைந்து ஒட்டிக்கொள்ளும். குளிர்தான் பசை. 1956-இல் இங்கிலாந்தில் பிறந்து ஸ்காட்லாந்தில் வாழும் சிற்பி ஆண்டி கோல்ட்ஸ்வர்தியின் கைவேலை இது. காலை வெயில் பட்டதும் சிற்பம் மின்னும். அதே வெயில்தான் அதைக் கரைக்கவும் செய்யும்.

இயற்கை என்றதும் மலை, அருவி என நின்று பார்க்கும் காட்சிகளே நம் மனதில் எழுகின்றன. நிலைக்காத இந்தக் கலை, காட்சிக்குப் பின்னால் ஓயாமல் நடக்கும் வேலையைக் கண்ணுக்குக் காட்டிவிடுகிறது என்பேன். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், ஆறு கடலில் கலக்கும் இடத்தில், கரை ஒதுங்கிய கட்டைகளை அடுக்கி அவர் ஒரு கூடு கட்டினார். ‘ரிவர்ஸ் அண்ட் டைட்ஸ்’ (2001) ஆவணப்படத்தில் அதைப் பார்க்கலாம். ஓதம் ஏறியதும் கூடு இடிந்து விழவில்லை. தரையை விட்டு எழும்பி, மெல்லச் சுழன்றபடி மிதந்து போகிறது. அங்கே தண்ணீர் எப்போதும் சுழன்றுகொண்டுதான் இருந்தது. கூடு சுழன்ற பிறகே அது நமக்குத் தெரிகிறது. 2000 ஜூன் 21 அன்று, கோடையின் நடுவே, லண்டன் தெருக்களில் அவர் 13 பனி உருண்டைகளை வைத்தார். ஒவ்வொன்றும் ஏறத்தாழ ஒரு டன். ஒரே அளவு பனியைத் தட்டையாகப் பரப்பினால் வெப்பம் தொடும் பரப்பு கூடும். உருண்டைக்கு அது மிகக் குறைவு. அதனால் அவை நின்று நிதானமாகக் கரைந்தன. உள்ளே பொதிந்திருந்த ஆட்டு ரோமமும் பார்லிக் கதிரும் கூழாங்கல்லும் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவந்தன.

கடைசியில் எஞ்சுவது புகைப்படம்தானே, அதுவும் வெறும் காட்சிதானே என்று கேட்கலாம். 1987-இல் யார்க்‌ஷயரில் ஒரு குழியைச் சுற்றி ரோவன் மரத்தின் இலைகளை நிறவாரியாக அடுக்கிய படைப்பின் தலைப்பைப் பாருங்கள். காற்றும் வெயிலுமான அந்த நாள், வேலை முடியும் தறுவாயில் ஒரு நாய் குழிக்குள் பாய்ந்தது, மீண்டும் முதலிலிருந்து தொடங்கியது எல்லாம் தலைப்பிலேயே இருக்கின்றன. அழகைவிட அன்றைய பொழுதுக்குத்தான் அந்தப் படம் சாட்சி.

இன்னொரு ஆட்சேபம் கனமானது. ஓடைக் கற்களைப் பெயர்த்து அடுக்கினால் அவற்றின் அடியில் ஒட்டி வாழும் சிற்றுயிர்கள் வீடிழக்கும். பலர் பார்த்துப் பழகிச் செய்யும்போது சேதம் பெருகும். இதை முழுக்க ஏற்கிறேன். ஆனால் இந்தக் கலைக்குக் கல்லைப் புரட்டியே ஆக வேண்டும் என்பதில்லை. கோல்ட்ஸ்வர்தியின் ‘மழை நிழல்’களுக்கு ஒரு சருகைக்கூட நகர்த்த வேண்டாம். தூறல் தொடங்கும்போது தரையில் அசையாமல் படுத்திருந்துவிட்டு எழுகிறார். நனைந்த தரையில் ஓர் ஆள் அளவுக்கு உலர்ந்த உருவம் கிடக்கிறது. மழை துளித்துளியாக விழுந்து அதையும் நிரப்பிவிடுகிறது.