சண்டை முடிவதைப் பார்க்காதவர்கள்

அப்பா அம்மாவை அடிக்கும் வீட்டில் குழந்தை முதலில் படிப்பது ஒலிகளைத்தான். வண்டி நிற்கும் விதம், செருப்பைக் கழற்றி எறியும் வேகம். இன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று அதிலேயே தெரிந்துவிடும்.

2011இல் லண்டனில் ஆய்வாளர் ஈமன் மெக்ரோரி குழுவினர், வீட்டு வன்முறைக்கு நடுவே வளர்ந்த குழந்தைகளுக்குக் கோபமான முகப்படங்களைக் காட்டி மூளையை ஸ்கேன் செய்தார்கள். ஆபத்தை உணரும் பகுதிகள் மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதலாக விழித்துக்கொண்டன. போர்முனை கண்ட சிப்பாய்களிடமும் இப்படித்தான் தெரிந்திருக்கிறது. இத்தனைக்கும் அந்தப் பிள்ளைகளுக்கு மனநோய் ஏதுமில்லை. அந்த வீட்டில் பிழைக்க அது தேவைப்பட்டது, அவ்வளவுதான்.

பிள்ளை வளர்ந்து காதலிக்கும்போது அந்த வீடு இருக்காது, காது மட்டும் கூடவே வரும். பிள்ளை பெண் என்றால், வேலைக் களைப்பில் காதலன் பேசாமல் உட்கார்ந்திருப்பான். அவளுக்கு வயிறு இறுகும். “கோவமா? என்மேல கோவமா?” என்று துருவித் துருவிக் கேட்க, கடைசியில் அவனுக்கு நிஜமாகவே கோபம் வந்துவிடும். அப்படி வளர்ந்தவன் ஆணாக இருந்தால், குரல் கொஞ்சம் உயர்ந்ததுமே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவதும் உண்டு. அப்பாவைப்போல் ஆகிவிடுவோமோ என்ற பயம் அவனுக்கு. விட்டுவிட்டுப் போகிறான் என்றுதான் அவளுக்குப் படும்.

எனக்கு இதைவிடப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. இவர்கள் சண்டை தொடங்குவதை எத்தனையோ முறை பார்த்திருப்பார்கள், ஒழுங்காக முடிவதைப் பார்த்ததே இல்லை. ராத்திரி அடி, காலையில் ஒன்றுமே நடக்காததுபோல் இட்லி. யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை, யாரும் அதைப்பற்றிப் பேசவும் இல்லை. சமாதானம் என்றால் மௌனம் என்று மனதில் பதிந்துவிடுகிறது.

‘அப்பன் புத்திதானே வரும்’ என்று, இப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்ததை வைத்து வரனைத் தட்டிக்கழிப்பவர்களும் இருக்கிறார்கள். தாய் அடிவாங்கியதைக் கண்ட பெண்கள் கணவனிடம் வன்முறையை அதிகம் சந்திக்கிறார்கள் என்று தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு காட்டுவது நிஜம். ஆனால் 2000இல் ஆய்வாளர் சான்ட்ரா ஸ்டித் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, இந்தத் தொடர்பு நடுத்தரத்தைத் தாண்டவில்லை. ஜாதகக் கட்டம்போல் இதைப் படிக்கக்கூடாது.

கற்காமல் விட்டதை இப்போதும் கற்கலாம். “இப்ப என்னால பேச முடியல, அரைமணி கழிச்சுப் பேசலாம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். சொன்னபடி திரும்பி வரவேண்டும், அதுதான் கஷ்டம். முடியாவிட்டால் மனநல ஆலோசகரிடம் இருவருமே போகலாம். இதெல்லாம் கை ஓங்காத இடத்துக்குத்தான். கை ஓங்கினால் அவனுடைய குழந்தைப் பருவத்தை அலசிக்கொண்டிருக்க வேண்டாம்; பெண்கள் உதவி எண் 181.