கொம்பைத் தட்டினால் மான் வரும்... தெரியுமா?

அமெரிக்காவின் டெக்சாஸ் காடு. நவம்பர் விடியல். புதருக்குள் பதுங்கியிருக்கும் வேட்டைக்காரர், கைக்கொன்றாக வைத்திருக்கும் மான்கொம்புகளை 'டக்... டகடக... கர்ர்ர்' என்று மோதித் தேய்க்கிறார். காலால் சுள்ளியை ஒடிக்கிறார், கொம்பால் தரையைக் கீறுகிறார். பிறகு கப்சிப். கொஞ்ச நேரத்தில் நிஜமான ஆண்மான் ஒன்று வந்து நிற்கிறது!

ஏன் வருகிறது? இணைசேரும் பருவத்தில் இரண்டு கலைகள் (ஆண்மான்கள்) முட்டிக்கொண்டால் பக்கத்தில் பிணை (பெண்மான்) இருக்கும் என்பது அதன் கணக்கு. சண்டைக்கு வருகிறதா, இருவர் மல்லுக்கட்டும்போது பிணையைத் தட்டிக்கொண்டு போக வருகிறதா, அது அதற்கே வெளிச்சம்! விவரமான கலை நேரே வராது. சுற்றிவந்து காற்றில் மோப்பம் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் தலையைக் காட்டும்.

டெக்சாஸ் கிடக்கட்டும், நம்ம ஊர் மானுக்கு வருவோம். தூத்துக்குடி மாவட்டத்தில் இருக்கும் நம்ம சாயர்புரத்திலிருந்து பைக்கில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம் வல்லநாட்டுக்கு. இந்தியாவில் வெளிமான் இயற்கையாக வாழும் தென்கோடி இடம் அதுதான், தெரியுமா? 1987இல் சரணாலயமானது, சுமார் 16 சதுர கிலோமீட்டர். இன்னொரு அதிசயம்: வெளிமான் மான் குடும்பமே கிடையாது! ஆடு, மாடுகளுக்குத்தான் சொந்தம். புள்ளிமான், கடமான் கொம்பு முழுக்க எலும்பு. உதிர்ந்து உதிர்ந்து முளைக்கும். வெளிமானின் முறுக்குக் கொம்போ உள்ளே எலும்பு, மேலே நகம் போன்ற உறை. ஆயுசுக்கும் ஒரே ஜோடி. தட்டிப் பார்க்கலாமே என்று கிளம்பிவிடாதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி வேட்டைக்குச் சிறை நிச்சயம். காட்டில் உதிர்ந்து கிடக்கும் கொம்புகூட அரசாங்கத்துச் சொத்து!

ஆனால் வெளிமானும் ஏமாந்திருக்கிறது. அக்பர் காலத்தில் பழக்கிய கலையின் கொம்பில் வலையைக் கட்டி மந்தைப் பக்கம் விடுவார்களாம். காட்டுக்கலை ரோஷத்தோடு முட்ட வரும், கொம்பு வலையில் மாட்டும், கதை முடிந்தது! அக்பரின் அவையிலிருந்த அபுல் ஃபசல் 'அயினி அக்பரி'யில் எழுதியிருக்கிறார்.

நம்ம ஆட்கள் சண்டையை நம்பவில்லை, காதலை நம்பினார்கள்! மானைக் காட்டியே மானைப் பிடிப்பதற்கு வளர்க்கும் பிணைக்குச் சங்கத் தமிழில் 'பார்வை' என்று பெயர். புறநானூறு 320, வீரை வெளியனார் பாடியது. வேட்டுவன் முற்றத்து நிழலில் அடித்துப்போட்டாற்போல் தூங்குகிறான். எங்கிருந்தோ தனியாக வந்த கலை ஒன்று, அவன் வளர்க்கும் பார்வைப் பிணையோடு கொஞ்சி விளையாடுகிறது. வலிய வந்த வேட்டை! மனைவி பார்த்துவிட்டாள். எழுப்புவாள் என்றுதானே நினைப்போம்? இல்லை! புருஷன் விழித்துவிடுவானோ, கலை பிணையை விட்டு ஓடிவிடுமோ என்று பயந்து, நடமாட்டத்தையே நிறுத்திவிடுகிறாள். அவள் அசையவில்லை என்று தெரிந்ததும், மான்தோலில் காயப்போட்டிருந்த தினையைக் கானக்கோழியும் இதல் பறவையும் கூச்சல் போட்டுக்கொண்டு கொத்தித் தின்கின்றன. அப்போதும் அவள் விரட்டவில்லை.