இனுவிட் மொழிகளும் பழம் பெயர்களும்

வட துருவத்தை அடுத்த பனி நிலங்களில் வாழும் மக்களை 'எஸ்கிமோவர்' என்று குறிப்பது தமிழில் நெடுநாள் வழக்கு. பூகோளப் பாடங்களிலும் மொழிநூற் கட்டுரைகளிலும் இச்சொல் வேரூன்றியுள்ளது. பனிக்கட்டி வீட்டையும் நாய் பூட்டிய சறுக்கு வண்டியையும் கூறி, 'எஸ்கிமோவர் என்றால் பச்சை இறைச்சி தின்போர்' என்று பொருளும் சொல்லி முடிப்பது பழைய பாடங்களின் முறை. இம்மக்களின் மொழிகளைப் பற்றி இன்று எழுதும் அறிஞர் பலர் இச்சொல்லை விலக்குகின்றனர். விலக்குவதன் காரணம் யாது? அதனிடத்தில் எச்சொல்லை வைப்பது? இவ்விரண்டையும் தெளிந்து கொள்ளுதல் மொழி கற்பிப்போர்க்கு இன்றியமையாதது.

இப்பெயர் அம்மக்கள் தமக்குத் தாமே இட்டுக்கொண்டதன்று. கிழக்குக் கனடாவில் அவர்தம் அண்டையில் வாழும் 'இன்னு' என்னும் இனத்தார் வழங்கிய சொல், ஐரோப்பியர் வாயிலாக உலகெங்கும் பரவிற்று என்பர். இன்னு, இனுவிட் என்னும் பெயர்கள் ஒலியால் ஒத்திருப்பினும், இரு சாராரின் மொழிகளும் வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்தவை. ஐவ்ஸ் காடர்டு என்னும் அமெரிக்க மொழிநூலறிஞர், மூலச்சொல் 'பனிக் காலணிக்கு வலை பின்னுவோர்' என்னும் பொருளது என்பர். 'வேற்று மொழி பேசுவோர்' என்று 1978-இல் பொருள் கூறிய ஆய்வும் உண்டு. இவ்வாறு 'பச்சை இறைச்சி' என்னும் விளக்கத்தை ஆராய்ச்சி கைவிட்டது. ஆயினும் அவ்விளக்கம் தலைமுறை தலைமுறையாகச் சிறுவர்க்குக் கற்பிக்கப்பட்டமையால், இழிவு அச்சொல்லோடு ஒட்டிக்கொண்டது.

பெயர் பிறர் கையில் இருந்தால் விளைவது யாது என்பதற்குக் கனடாவின் வரலாறு ஒரு சான்று. அந்நாட்டு அரசு 1941 முதல் இம்மக்களுக்கு எண் பொறித்த வட்டத் தகடுகளை வழங்கிற்று. அத்தகட்டில் 'எஸ்கிமோ அடையாளம்' என்னும் பொருள்படும் ஆங்கிலச் சொற்கள் இருந்தன. அரசு ஏடுகளில் ஒருவர் தம் பெயரினும் தம் எண்ணாலேயே அறியப்பட்டார். 1968 முதல் 1971 வரை ஆப்ரகாம் ஒக்பிக் என்னும் இனுவிட் பெருமகனார் ஊர் ஊராகச் சென்று குடும்பப் பெயர்களைப் பதிவு செய்தார். எண்ணுக்கு மாற்றாகப் பெயர் ஏடேறியது அம்முயற்சியால் என்க. 1982-ஆம் ஆண்டுக் கனடிய அரசியலமைப்புச் சட்டம் 'இனுவிட்' என்றே அவர்களைக் குறிக்கின்றது.

இனி, அம்மொழி இலக்கணத்தைச் சிறிது நோக்குதல் வேண்டும். 'இனுக்' என்றால் மாந்தன் ஒருவன் அல்லது ஒருத்தி. இருவராயின் 'இனூக்', பலராயின் 'இனுவிட்'. வடமொழியைப் போல ஒருமை, இருமை, பன்மை என எண் மூவகைப்படும். ஆகவே, தமிழில் 'இனுவிட்கள்' என்று எழுதுவது 'மக்கள்கள்' என்று எழுதுவதை ஒக்கும். 'ஓர் இனுவிட்' என்பதும் பிழையே. 'ஓர் இனுக்' என்பதே பொருந்தும்.

'எஸ்கிமோ' என்று கண்ட இடமெல்லாம் 'இனுவிட்' என்று மாற்றிவிட்டால் போதுமோ எனின், போதாது. பழஞ்சொல் ஓர் இனத்தை மட்டும் குறித்ததன்று. கிரீன்லாந்து முதல் கனடா வழியாக வட அலாஸ்கா வரை ஒன்றோடொன்று தொடர்புற்று வழங்குவன இனுவிட் கிளை மொழிகள். தென்மேற்கு அலாஸ்காவிலும் சைபீரியாவின் கிழக்குக் கோடியிலும் வழங்குவன யூபிக் மொழிகள். மாந்தனை இனுவிட் கிளை 'இனுக்' என்னும். யூபிக் 'யூக்' என்னும். உறவு தெளிவு, ஆயினும் மொழிகள் வேறு. யூபிக் மக்கள் தம்மை இனுவிட் என்று கூறிக்கொள்வதில்லை. ஒரு தவற்றை நீக்கப் புகுந்து மற்றொன்றைச் செய்தல் தகாது.

இவ்விடத்தில் ஒரு சிக்கல் உண்டு. 1977-இல் அலாஸ்காவின் பாரோ நகரில் கூடித் தோன்றிய இனுவிட் துருவவட்ட மன்றம், அரசியல் ஒற்றுமை கருதி யூபிக் மக்களையும் உள்ளடக்கி 'இனுவிட்' என்னும் பெயரை வழங்குகின்றது. 2010-இல் ஆராய்ச்சி நூல்களிலும் பழஞ்சொல்லை விலக்குமாறு அது தீர்மானம் இயற்றிற்று. மொழிநூலிலோ 'இனுவிட்' என்பது ஒரு கிளையின் பெயர். எனவே, மொழிக்குடும்பம் முழுவதையும் சுட்டுமிடத்து 'இனுவிட்–யூபிக்–உனங்கன்' என்று எழுதுவோர் பெருகி வருகின்றனர். உனங்கன் என்பது முன்னர் 'அலியூத்' எனப்பட்டோரின் சொந்தப் பெயர். அலாஸ்காவில் தம்மை எஸ்கிமோ என்றே சொல்லிக்கொள்ளும் முதியோர் சிலர் இன்றும் உளர். தம்மைத் தாம் அழைக்கும் உரிமை அவர்களுடையது.

தமிழில் எழுதுவோர் கொள்ளத்தக்க முறை எளிது. எம்மொழியைப் பற்றி எழுதுகின்றோம் என்பதை முதலில் துணிதல் வேண்டும். கிரீன்லாந்தினது காலாலிசுட், கிழக்குக் கனடாவினது இனுக்டிடுட், வட அலாஸ்காவினது இனுப்பியாக், தென்மேற்கு அலாஸ்காவினது யூபிக். குறிப்பாகப் பெயர் கூற இயலுமிடத்துப் பொதுப்பெயர் வேண்டா. பழைய நூற்பெயர்களிலும் மேற்கோள்களிலும் உள்ள சொல்லை மட்டும் உள்ளவாறே விடுதல் வேண்டும். மாற்றினால் வரலாறு மறையும், நூலைத் தேடுவோர்க்கு அஃது அகப்படாது.

வகுப்பில் ஒரு மாணவன் 'எஸ்கிமோ என்றால் என்ன பொருள்?' என்று கேட்பானாயின், பச்சை இறைச்சிக் கதையைக் கூறாது, 'அவர்கள் தம்மை மாந்தர் என்று அழைத்துக்கொள்கின்றனர்' என்று விடை கூறுவதே ஆசிரியர் கடன்.