கணினியில் முழு அதிகாரம்: கொள்ளும் முறையும் காக்கும் முறையும்

அடுக்குமாடிக் கட்டடமொன்றில் பல குடும்பங்கள் வாழ்கின்றன. ஒவ்வொரு குடும்பத்தாரிடமும் தத்தம் வீட்டுச் சாவி உண்டு. எல்லாக் கதவுகளையும் திறக்கவல்ல தலைமைச் சாவி ஒன்றும் இருக்கிறது. அது பெட்டியில் பூட்டப்பட்டிருக்கும். வேலை உள்ளபோது மட்டும் எடுக்கப்படும். முடிந்ததும் மீண்டும் பெட்டிக்குச் செல்லும். அதனை எந்நேரமும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நடமாடுவாராயின், கட்டடத்தில் யாருக்கும் அமைதியான உறக்கம் இராது.

லினக்ஸ் என்னும் கணினி இயங்குதளத்திலும் இத்தகைய தலைமைச் சாவி ஒன்று உண்டு. அதனை எவ்வாறு பெறுவது, எப்போது கீழே வைப்பது என்பதை இங்கே காண்போம்.

பலர் பகிர்ந்த பொறி

அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் 1969ஆம் ஆண்டு கென் தாம்சன், டென்னிஸ் ரிச்சி முதலிய அறிஞர்கள் யூனிக்ஸ் என்னும் இயங்குதளத்தை உருவாக்கத் தொடங்கினர். அக்காலத்தில் கணினி விலைமிக்க பொறி. ஒன்றையே பலர் பகிர்ந்து கொண்டனர். ஆகவே, ஒருவருடைய கோப்பை மற்றொருவர் அழித்துவிடாமல் காக்க வேண்டியிருந்தது. கோப்பு ஒவ்வொன்றுக்கும் உரியவர் யார், படிப்பவர் யார், திருத்துபவர் யார் என்னும் வரையறைகள் இத்தேவையிலிருந்து பிறந்தவை.

1983இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு என்னும் திட்டத்தை அறிவித்தார். யூனிக்ஸைப் போன்ற, ஆனால் மூல நிரலை யாவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் கூடிய இயங்குதளம் ஒன்றை அமைப்பதே அதன் நோக்கம். 1991இல் ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டார்வால்ட்ஸ், லினக்ஸ் என்னும் கருநிரலை வெளியிட்டார். இவ்விரண்டும் இணைந்து வளர்ந்ததே இன்று நாம் பயன்படுத்தும் லினக்ஸ் குடும்பம். யூனிக்ஸின் அனுமதி முறையையும் அது அப்படியே ஏற்றுக்கொண்டது.

சுழி என்னும் எண்

லினக்ஸில் பயனர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் உண்டு. கருநிரல் நம் பெயரைப் பார்ப்பதில்லை, எண்ணையே பார்க்கிறது. 0 என்னும் எண்ணுக்கு உரியவர் "ரூட்", அதாவது வேர் எனப்படுபவர். கோப்புகள் யாவும் வேரிலிருந்து கிளைக்கும் மரம்போல் அடுக்கப்பட்டுள்ள இத்தளத்தில், அவ்வேரிலிருந்து நுனிவரை எதையும் படிக்கவும் மாற்றவும் அழிக்கவும் அவருக்கு இயலும்.

மற்றவர்க்கோ எல்லை உண்டு. படித்தலுக்கு 4, எழுதுதலுக்கு 2, இயக்குதலுக்கு 1 என மதிப்பிட்டு, கோப்பின் உரிமையாளர், அவர் குழுவினர், பிறர் என மூவகையினர்க்கும் தனித்தனியே கூட்டி எழுதுவது மரபு. ஒரு கோப்பின் அனுமதி 640 எனின், உரிமையாளர் படிக்கலாம், எழுதலாம். குழுவினர் படிக்க மட்டும் செய்யலாம். பிறர் தொடவும் முடியாது. "அனுமதி மறுக்கப்பட்டது" என்று கணினி சொல்லும்போது புதியவர்கள் சலிப்படைகிறார்கள். உண்மையில் அது நம் வீட்டுக் கதவு பூட்டியிருக்கிறது என்னும் நற்செய்தியே.

கடனாகப் பெறும் அதிகாரம்

அப்படியாயின், வேர்ப் பயனராகவே நாள்தோறும் கணினியில் நுழைந்தால் தொல்லை இல்லையே என்று சிலர் கேட்கலாம். நாம் இயக்கும் நிரல் ஒவ்வொன்றும் நம் அதிகாரத்தையே தானும் பெறுகிறது என்பதை அவர்கள் எண்ணிப்பார்க்க வேண்டும். நம்மிடம் முழு அதிகாரம் இருப்பின், நாம் திறக்கும் தீய நிரலிடமும் அது இருக்கும். நம் கை தவறினால், அத்தவற்றிடமும் இருக்கும்.

இதற்குத் தீர்வாக 1980ஆம் ஆண்டளவில் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் பஃபலோ வளாகத்தில் பாப் காகஷால், கிளிஃப் ஸ்பென்சர் இருவரும் எழுதிய சிறு நிரலே "சூடோ". ஓர் ஆணையின் முன்னே இச்சொல்லைச் சேர்த்தால், அந்த ஓர் ஆணைக்கு மட்டும் வேரின் அதிகாரம் கிடைக்கிறது. அது கேட்பது வேரின் கடவுச்சொல்லை அன்று, நம்முடைய கடவுச்சொல்லையே. யார், எந்த ஆணையை இட்டார் என்பதும் பதிவேட்டில் குறிக்கப்படுகிறது. 2004 அக்டோபரில் முதன்முதலாக வெளிவந்த உபுண்டு, வேரின் கணக்கைப் பூட்டிவைத்து, கணினியை நிறுவியவருக்குச் சூடோ உரிமையை மட்டும் அளித்தது. இன்றும் அதன் வழக்கம் அதுவே.

முனையத்தில் ஒரு முயற்சி

முனையம் என்பது முற்காலத்தில் விசைப்பலகையும் காகிதச் சுருளும் கொண்ட தனிப்பொறி. இன்று அது திரையில் தோன்றும் ஒரு சாளரம். உபுண்டுவில் கன்ட்ரோல், ஆல்ட், டி ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் அது திறக்கும். படங்களும் சாளரங்களும் பழுதாகித் திரை உறைந்துவிட்டாலும், கன்ட்ரோல், ஆல்ட் விசைகளுடன் எஃப்3 விசையை அழுத்தினால் பெரும்பாலும் எழுத்து மட்டுமேயுள்ள முனையம் ஒன்று கிடைக்கும். நோயுற்ற கணினிக்கு மருத்துவம் பார்க்க அதுவே வாயில்.

அங்கே முதலில் தெரியும் வரியில் பயனர் பெயர், கணினியின் பெயர், நாம் நிற்கும் கோப்புறை ஆகியவை இருக்கும். வரியின் இறுதியில் டாலர் குறி இருந்தால் நாம் சாதாரணப் பயனர். ஹாஷ் குறி இருந்தால் வேர்ப் பயனர். மென்பொருள் பட்டியலைப் புதுப்பிக்க "ஏ.பி.டி. அப்டேட்" என்று மட்டும் இட்டுப் பாருங்கள், அனுமதி இல்லை என்னும் மறுமொழி வரும். முன்னே "சூடோ" சேர்த்து மீண்டும் இடுங்கள், கடவுச்சொல் கேட்கும். தட்டும்போது திரையில் ஒரு புள்ளியும் தோன்றாமல் இருக்கலாம். விசைப்பலகை கெட்டுவிட்டதென அஞ்ச வேண்டா. அருகில் இருப்பவர் எழுத்துகளை எண்ணிவிடாமல் இருக்கவே இந்த ஏற்பாடு.

ஒரு நொடிப் பிழை

இவ்வளவு காவலும் எதற்கு என்போர்க்கு ஒரு நிகழ்ச்சி கூறுவோம். 2017 ஜனவரி 31இல் கிட்லேப் என்னும் மென்பொருள் நிறுவனத்தில் பொறியாளர் ஒருவர், இரவு நேரத்தில் ஒரு தரவுத்தளப் பழுதைச் சீர்செய்து கொண்டிருந்தார். துணைக் கணினியில் உள்ள தரவுக் கோப்புறையை நீக்குவதாக எண்ணி, முதன்மைக் கணினியின் முனையத்தில் "ஆர்.எம்." என்னும் அழிப்பு ஆணையை இட்டார். ஓரிரு நொடிகளில் பிழையை உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் ஏறத்தாழ 300 ஜிகாபைட் தரவில் 4.5 மட்டுமே எஞ்சியது. வழக்கமான காப்புப் பிரதிகள் கைகொடுக்கவில்லை. ஆறு மணி நேரத்திற்கு முன்பு வேறொரு வேலைக்காகத் தற்செயலாக எடுத்துவைத்த பிரதியே காப்பாற்றியது. இடைப்பட்ட ஆறு மணி நேரத் தரவு திரும்பவில்லை.

அப்பொறியாளர் அறியாதவர் அல்லர். களைப்போடு உழைத்துக் கொண்டிருந்தவர். நிறுவனம் நடந்ததை மறைக்காமல் உலகறிய எழுதி வெளியிட்டது. எந்தக் கணினியில் இருக்கிறோம் என்பது முனைய வரியிலேயே தெளிவாகத் தெரியுமாறு செய்வதும் அது திட்டமிட்ட திருத்தங்களுள் ஒன்று.

காவலனும் தவறலாம். சூடோ நிரலிலேயே 2011 முதல் மறைந்திருந்த ஒரு குறையை 2021 ஜனவரியில் குவாலிஸ் நிறுவன ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். அதன்வழி சாதாரணப் பயனரும் வேரின் அதிகாரத்தைக் கவர முடிந்தது. யாவரும் படிக்கக்கூடிய நிரலாயினும் படிப்பவர் இன்றேல் பயனில்லை என்பதற்கு இது சான்று. குறை வெளிப்பட்டபோதே திருத்தமும் வெளிவந்தது. ஆயினும் கணினியைப் புதுப்பித்தவர்க்கே அது பயன்பட்டது.

கைக்கொள்ள வேண்டியவை

ஆணையிடுமுன் முனைய வரியைப் படியுங்கள்: யாராக, எங்கே நிற்கிறோம்? பொருள் விளங்காத ஆணையை, யார் சொன்னாலும், சூடோ சேர்த்து இடாதீர்கள். அனுமதி மறுக்கப்பட்டால் ஏன் என்று முதலில் கேளுங்கள். யாவருக்கும் யாவும் திறந்துவிடும் 777 என்னும் எண்ணைக் கொண்டு பூட்டை உடைக்காதீர்கள். அழிப்பு ஆணைக்கு முன், "எல்.எஸ்." என்னும் ஆணையால் அழியப்போவது எது என்று பாருங்கள், முனையத்தில் அழிந்தது குப்பைத் தொட்டிக்குப் போவதில்லை. காப்புப் பிரதி எடுப்பதோடு நில்லாமல், அதனை மீட்டுப் பார்த்தும் சோதியுங்கள்.

பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸை நிறுவிப் பழகும் மாணவர்க்கு இந்தப் பயிற்சி எளிதே. அதிகாரத்தை வேலைக்குத் தக்க அளவில் பெற்று, வேலை முடிந்ததும் திருப்பி வைக்கும் பழக்கம் அவர்களுக்கு வருமாயின், நாளை பிறருடைய தரவுகள் அவர்கள் கையில் ஒப்படைக்கப்படும்போதும் அவை பத்திரமாக இருக்கும்.