வாங்குமுன் நிறுத்திப் பாருங்கள்!

தீபாவளிக்கு முந்தைய வாரம். கடைகளிலிருந்து ஆர்டர்கள் குவிகின்றன. அந்த நேரம் பார்த்து ஆர்டர் மென்பொருள் நின்றுவிட்டால் சரக்கு கிடங்கிலேயே கிடக்கும்; வாடிக்கையாளர் வேறு கடைக்குப் போய்விடுவார். "எங்கள் மென்பொருள் குபெர்னெட்டீஸில் ஓடுகிறது, ஒரு கணினி நின்றாலும் வேலை நிற்காது" என்று விற்பவர் சொல்லலாம். மூட்டையைக் குத்தி மாதிரி பார்த்து அரிசி வாங்குபவர்கள் நாம். இதையும் பார்த்தே வாங்க வேண்டும். அதற்கு ஒரு சிறு சோதனைக் கூடம் போதும்.

பெட்டியும் மாலுமியும்

1956 ஏப்ரலில் அமெரிக்க வணிகர் மால்கம் மெக்லீன், 58 கன்டெய்னர்களை 'ஐடியல் எக்ஸ்' கப்பலில் ஏற்றி ஹூஸ்டனுக்கு அனுப்பினார். சரக்கைப் பிரிக்காமல் பெட்டியோடு லாரியிலிருந்து கப்பலுக்கு மாற்ற முடிந்தது. மென்பொருளையும் அதற்குத் தேவையானவற்றையும் இப்படி ஒரே பெட்டியில் அடைக்கும் முறையை 2013-இல் வந்த டாக்கர் பரவலாக்கியது. எந்தப் பெட்டி எந்தக் கணினியில் ஓட வேண்டும், ஒன்று விழுந்தால் மாற்று எங்கே என்று கவனிப்பது குபெர்னெட்டீஸ். கிரேக்க மொழியில் மாலுமி என்று பொருள். 2014-இல் கூகுள் வெளியிட்டது. உரிமக் கட்டணம் கிடையாது.

அமைக்கும் முறை

கிளவுட் நிறுவனத்திடம் மூன்று லினக்ஸ் கணினிகளை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கவும். ஒன்று மேஸ்திரி, இரண்டு வேலையாட்கள். ஒவ்வொன்றுக்கும் 2 ஜி.பி. நினைவகம், மேஸ்திரிக்கு 2 சி.பி.யு. வேண்டும். மூன்றிலும் ஸ்வாப் வசதியை நிறுத்தி, 'குபேஅட்மின்' கருவியால் மேஸ்திரியைத் தொடங்கி, அது தரும் சாவிச் சொல்லைக் கொண்டு மற்ற இரண்டையும் சேர்க்க வேண்டும். அந்தச் சாவி 24 மணி நேரமே செல்லும். பெட்டிகள் ஒன்றோடொன்று பேச 'கேலிகோ' போன்ற வலைப்பின்னல் மென்பொருளும் தேவை. கணினி தெரிந்த பிள்ளைகள் ஒரு நாளில் முடித்துவிடுவார்கள்.

மூன்று சோதனைகள்

1. ஓடும் பெட்டி ஒன்றை அழியுங்கள். சில நொடிகளில் மாற்றுப் பெட்டி எழ வேண்டும்.

2. வேலையாள் கணினி ஒன்றை நிறுத்துங்கள். வழக்கமான அமைப்பில் பெட்டி இடம் மாற ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகும். கடையில் கூட்டம் நிற்கையில் அது பெரிய நேரம். இரண்டு கணினிகளிலும் ஒவ்வொரு பிரதி இருந்தால் மற்றது தாங்கும்.

3. பத்து பில் போட்டுவிட்டுப் பெட்டியை அழியுங்கள். கணக்கு பெட்டிக்குள்ளேயே இருந்தால் அதுவும் போய்விடும்! பேரேடு தனி வட்டில் இருக்க வேண்டும். அதன் நகல் வேறிடத்தில் இருக்க வேண்டும்.

மேஸ்திரி ஒன்றே ஒன்று என்பது சோதனைக்குச் சரி. உண்மை வியாபாரத்துக்கு மூன்று மேஸ்திரிகளாவது வேண்டும்.

வாடகையில் கவனம்

கணினியை நிறுத்தினாலும் வட்டுக்கு வாடகை ஓடும். சோதனை முடிந்ததும் அனைத்தையும் அழித்துவிடுங்கள். செலவு எச்சரிக்கை வைத்தால் தகவல்தான் வரும். செலவு தானாக நிற்காது. வாடிக்கையாளர்களின் உண்மை விவரங்களைச் சோதனையில் போடவே கூடாது.

ஒரே கல்லாப்பெட்டி உள்ள கடைக்கு இத்தனை ஏற்பாடு வேண்டாம். பல கிளைகளும் கிடங்குகளும் வைத்திருப்போர் மட்டும், கையெழுத்திடுமுன் விற்பவரிடம் கேளுங்கள்: "என் கண் முன்னே ஒரு கணினியை நிறுத்திக் காட்டுங்கள்!"